இரண்டு வரிசை விளக்கு

இரவு ஒன்றரை மணி... பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் ஈ காக்கை இல்லாத மண் ரோடு. அது போய் முடிகிற இடம், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம். விமானம் இறங்கி எத்தனையோ வருஷம். இப்போது சுற்றுவட்டார ஜனங்கள் அதில் நெல் காயவைக்கிறார்கள்.

நம்ம கண்ணப்பனின் மாமா முனிரத்தினம் இருக்கிறாரே, அவருக்கு நடந்தது. தொண்ணூற்றொன்று, ஆவணி மாதம். நெல்லைப் பரப்பிவிட்டு அவரும் மனைவி மரகதமும் காவலுக்குப் படுத்தார்கள். கம்பெனி கட்டச் சாமான் ஏற்றிப் போகிற லாரிகள் ராத்திரியில் கண்மண் தெரியாமல் குறுக்கே பாயும். தூங்குகிறவள் மேல் ஏறிவிட்டால்? பயந்துபோய் எட்டு லாந்தர் கொண்டுவந்து பக்கத்துக்கு நாலாக வைத்தார்.

"இங்க ஒத்த வெளக்குதான்யா வெப்பாங்க. ரெண்டு வரிசை ஆவாது," என்றார் பக்கத்தில் நெல் போட்டிருந்தவர்.

"உன் வேலையப் பாத்துக்கினு போய்யா!"

ஒன்றரைக்கு விழிப்பு வந்தது. பெட்ரோல் நாற்றம்... மேலே உறுமல். வானத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. உறுமல் மட்டும் இறங்கி இறங்கி வருகிறது... இரண்டு வரிசைக்கும் நடுவே, மரகதம் படுத்திருந்த பாயைப் பார்த்து!

ஓடினார். ஒவ்வொரு லாந்தராக உதைத்து அணைத்தார். எட்டாவது அணைந்ததும் சத்தம் தலையை உரசிக்கொண்டு மேலே ஏறியது. மரகதத்தின் முடி கருகி நாறியது.

போய்த் தொலைந்ததா? இல்லை. தினமும் ராத்திரி அவர் வீட்டுக் கூரைக்கு மேல் அதே உறுமல். வட்டமடிக்கும்... இறங்க இரண்டு வரிசை விளக்கைத் தேடும். ஒற்றை விளக்கோடு மூன்று மாதம் ஓட்டினார்கள்.

அப்புறம் கார்த்திகை தீபம் வந்தது.

வீடு வீடாகக் கெஞ்சினார் முனிரத்தினம். "இந்த ஒரு வருசம் தெருவுல வெளக்கு வெக்காதீங்க. எம் பொண்டாட்டி உசுரு..."

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது? போ அந்தாண்ட!" எதிர்வீட்டுக் காவேரி துடைப்பத்தை எடுத்தாள்.

பொழுது சாய்ந்தது. தெருவின் இரண்டு பக்கமும் அகல்விளக்கு ஏற்றினார்கள், வாசலுக்கு வாசல், வரிசையாக. முனிரத்தினத்தின் வீடு தெருக்கோடியில், தெருவையே பார்த்த வாசல். உள்ளே மரகதம் தனியாக இருந்தாள்.

அவர் ஓடிவந்து முதல் விளக்கை உதைத்தார். நாலு பேர் பாய்ந்து அவரை அமுக்கிப் பிடித்தார்கள்.

பெட்ரோல் நாற்றம் அவர்களுக்கும் வந்தது. அண்ணாந்து பார்த்தார்கள்... ஒன்றுமில்லை, இறங்கி வரும் உறுமல் மட்டும்.

கீழே, தெரு முழுக்க அத்தனை சுடரும் அவர் வீட்டுப் பக்கம் சாய்ந்தது.