மூன்றாவது பலூன்

மத்தியானம் மூன்று மணி. மூடிக்கிடக்கும் மில்லுக்குப் பின்னால் ஒரு ரோடு. நாய்கூட இல்லை... கடைசியில் ஒரு பழைய ஹால். பேய் ராத்திரிதான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே தூங்கப் போகலாம்.

அங்கே போனவர் என் நண்பனுடைய அத்தான், அவன் அக்கா கணவர். ஒலிப்பதிவு வேலை. அந்த ஹாலில் நடந்த நாடகத்தைப் பதிவு செய்திருந்தார். பார்க்க வந்தது பதினொரு பேர்; அதில் ஆறு பேர் நடிகர்களின் சொந்தக்காரர்கள். காலி ஹால் என்பதால் ஒவ்வொரு வசனமும் கிணற்றுக்குள் பேசியதுபோல நான்கு விநாடி முழங்கியது. நாளைக்குள் எதிரொலியை எடுக்காவிட்டால் வேலைக்கே வரவேண்டாம் என்றுவிட்டார் முதலாளி.

ஒரு வழி உண்டு. ஹாலில் பலூனை உடைத்து, சத்தம் எப்படி அடங்குகிறது என்று பதிவு செய்ய வேண்டும். அந்த அளவை வைத்துக் கம்ப்யூட்டர் எதிரொலியைக் கழித்துவிடும்.

வாட்ச்மேனை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டார். ஊசியால் குத்தினார்.

டப்...

ஒன்றரை விநாடியில் அடங்கிவிட்டது.

அத்தானுக்குச் சந்தேகம். ஹால் நிறைய ஆள் இருந்தால்தான் இந்த அளவு வரும். உடம்பு சத்தத்தைக் குடித்துவிடும். மைக்கைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டு, கதவைத் திறந்து கேட்டார்.

"அண்ணே, உள்ள யாரையாவது விட்டீங்களா?"

"சாவியே உங்ககிட்டதான தம்பி இருக்கு. நாற்காலியக்கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இரண்டாவது பலூன். அரை விநாடி. எங்கிருந்தோ வேர்வை நாற்றம்...

ஓடியிருக்கலாம். வேலை போய்விடுமே. மூன்றாவதை ஊதினார்.

எதிரொலியே இல்லை. துணி அடைத்த அலமாரிக்குள் உடைத்ததுபோல... அவர் நின்றது ஹாலின் நடுவில். கையை நீட்டிப் பார்த்தாரா என்று நண்பனிடம் கேட்டேன். "நீ நீட்டுவியா?" என்றான்.

சாயந்திரமே நடிகர்களை அங்கே வரவழைத்து, நாடகத்தை மறுபடி பேசவைத்துப் பதிவு செய்தார். துளி முழக்கமில்லை. முதலாளி தோளைத் தட்டினார். வேலை தப்பியது.

அதிலிருந்து அவர் எங்கே பதிவு செய்தாலும் சுத்தமாக வருகிறது. மாடிப்படி, காலித் தண்ணீர்த் தொட்டி, எங்கேயும். கைராசி என்கிறார் முதலாளி.

அக்காவுக்குத்தான் சந்தேகம். பாத்ரூமில் அவர் பாடுவதுகூட இப்போது முழங்குவதில்லையாம். நாலடிக்கு நாலடி பாத்ரூம். கதவைச் சாத்துவதற்கு முன்னால், அத்தான் தினமும் மெதுவாகச் சொல்கிறாராம்...

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."