எக்ஸ்ரே தெளிவாக இல்லை

உங்கள் விசாரணை அறைக் காபி நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கிடைப்பது கழுநீர்.

என் பெயர் வாரன் டில்லட்சன். பல் மருத்துவன். ஆனால் பதினோரு வருடங்களாக யாருடைய வாயையும் திறந்து பார்த்ததில்லை. ஒஹையோவில் ஒரு பல் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, மற்ற டாக்டர்கள் அனுப்பும் கோரிக்கைகளைப் படிக்கிறேன். எங்கள் திட்டத்து நோயாளியை அறுவை நிபுணரிடம் அனுப்ப என் கையெழுத்து வேண்டும். டொலீடோ நகரில் கொடிகட்டிப் பறக்கிற டாக்டரும் என் தயவுக்கு நின்றுதான் ஆக வேண்டும். எங்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் பாதி நோயாளிகள் போய்விடுவார்களே! முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்கிற கூட்டம்.

நான் எதையும் மறுத்ததே இல்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், மேல்முறையீடு வரும். 'எக்ஸ்ரே தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும்' என்று திருப்பினால் அது மறுப்பாகாது. வரிசையின் கடைசியில் புதிதாகப் போய் நிற்கும். பலர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

டாக்டர் லோர்னா ப்ரூயிட் விடவில்லை. அவளுடைய நோயாளி டேல் ஹாட்ச்கிஸ், கூரை வேலைக்காரன், முப்பத்துநான்கு வயது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீழ். திங்கட்கிழமை கோரிக்கை அனுப்பினாள், திருப்பினேன். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன். டாக்டர்கள் கெஞ்சுவது பக்கத்து மேஜைகளுக்கெல்லாம் பொழுதுபோக்கு.

"வாரன், அந்த ஆளுக்குத் தாடை வீங்கிக் கெடக்கு. எச்சில் முழுங்க முடியல."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, டாக்டர்."

"போயிட்டு வந்துட்டான். மாத்திரையக் குடுத்து, பல் டாக்டரப் பாருன்னு தொரத்திட்டாங்க. என் படத்துல என்னய்யா தெளிவில்ல? எங்க வீட்டு நாய்க்குக் காட்டினாக்கூடப் புரியும்."

"அப்போ நாய்கிட்டயே கையெழுத்து வாங்கிக்குங்க."

"நீயெல்லாம் ஒரு டாக்டரா? கடைசியா எப்போய்யா ஒரு பல்லப் புடுங்கின?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை மூன்றாவது எக்ஸ்ரே வந்தது. திருப்பினேன். சனிக்கிழமை மதியம் வீக்கம் தொண்டையை அடைத்து, மனைவி ஓட்டிய காரிலேயே ஹாட்ச்கிஸின் மூச்சு நின்றது.

படம் தெளிவாக இருந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? மூன்றுமே கண்ணாடி மாதிரி இருந்தன. வேரடியில் கறுப்பு நிழல், எலும்பை நன்றாகவே அரித்திருந்தது. திங்கட்கிழமையே பார்த்தேன். கடைசிக் கோரிக்கையில் 'மூச்சுக்குழாய் அடைபடும்' என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். அதையும் படித்தேன். இரண்டு நாள் தாங்காது என்று எனக்கும் தெரிந்தது, நானும் படித்தவன்தானே.

முதல் இரண்டு தடவை வழக்கப்படி திருப்பினேன். மூன்றாவதைத் திருப்பியது அவள் திமிருக்காக. போனில் அவள் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருந்தால் அந்த நிமிடமே கையெழுத்துப் போட்டிருப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை இரக்கமில்லாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.