இருநூற்றுப் பன்னிரண்டாவது சீட்டு

சூப்பர்வைசர்: மெதுவா அக்கா, மெதுவா... மீட்டிங் ரூமுக்குள்ள கேட்டுடப் போகுது.

அக்கா: கேட்கட்டுமே! ஜி.எம். முகத்தைப் பார்த்தீங்களா தம்பி? பேனாவைத் திறந்தவர் கடைசி வரைக்கும் மூடவே இல்லை.

சூப்பர்வைசர்: இன்னும் முடிவு சொல்லலை. அதுக்குள்ள குதிக்காதீங்க.

அக்கா: நான் எங்க குதிச்சேன்? உங்க கால்தான் தையல் மிஷின் மாதிரி ஆடுது.

சூப்பர்வைசர்: பின்னே? இன்னிக்கு ஒத்துக்கலைன்னா குழுவையே கலைச்சுடுவாங்க. 'வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் ஊழியர் குழு'... பேர்தான் நீளம், ஒரு வருஷமா என்ன கிழிச்சீங்கன்னு போன தடவையே கேட்டாங்களே.

அக்கா: சரியாத்தானே கேட்டாங்க? போன வருஷ இலக்கு என்ன? 'விழிப்புணர்வை வளர்ப்பது.' எத்தனை முழம் வளர்ந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

சூப்பர்வைசர்: அது நான் எழுதினது...

அக்கா: தெரியுமே! இந்த வருஷமும் பத்து எழுதிட்டு வந்தீங்க. ஆறு கூட்டம், ரெண்டு சொற்பொழிவு, வாசல்ல ஒரு போஸ்டர்...

சூப்பர்வைசர்: ஒன்பதை நீங்க அடிச்சுட்டீங்க. அந்தச் சிவப்புப் பேனாவை ஒளிச்சு வச்சிருக்கணும்.

அக்கா: ஒண்ணு போதும் தம்பி. யாருக்கு, என்ன மாறும், எந்தத் தேதிக்குள்ள மாறும். அதைச் சொல்லலைன்னா எல்லாம் வெறும் டீயும் பிஸ்கட்டும்தான்.

சூப்பர்வைசர்: ஆனா சொன்னீங்க பாருங்க... 'செல்போனை லாக்கர்ல பூட்டிட்டுத்தான் பேக்கிங் லைனுக்கு வர்றோம். வீட்டுல இருந்து கூப்பிட்டா கேட் கிளார்க் சீட்டு எழுதி சூப்பர்வைசர் கையில கொடுக்கிறார். லைன் நின்னாத்தான் அது எங்க கைக்கு வருது. சராசரி நாற்பத்தொரு நிமிஷம். மூணு மாசத்துல அதை மூணு நிமிஷமாக்கணும்.' ஒருத்தர் வாய் திறக்கலை!

அக்கா: ஜி.எம். திறந்தாரே. 'அவசரமான அழைப்புக்கு மட்டும் வச்சுக்கலாமே'ன்னு.

சூப்பர்வைசர்: அங்கதான் நீங்க மேஜையைத் தட்டினீங்க.

அக்கா: தட்டலை... கை பட்டுச்சு.

சூப்பர்வைசர்: டம்ளர் துள்ளிச்சு அக்கா! 'அவசரமா இல்லையான்னு சீட்டைப் பார்த்து யாரும் முடிவு பண்ணக் கூடாது, எல்லா அழைப்பும்'னு நீங்க சொன்னப்போ... கையில இருந்த காகிதமே எனக்கு மறந்து போச்சு.

அக்கா: அதனாலதான் உளறினீங்களா? காகிதத்துல இருநூத்துப் பதினொரு சீட்டுன்னு அழகா எழுதியிருக்கு. நீங்க எழுந்து இருநூத்துப் பன்னெண்டுங்கறீங்க!

சூப்பர்வைசர்: ...வாய் தவறிடுச்சு.

அக்கா: ரெண்டு வருஷத்து கேட் புத்தகம் தம்பி. சீட்டு வந்த நேரம், கைக்குக் கிடைச்ச நேரம்... ஒவ்வொரு வரியா எண்ணி என் கண்ணு பூத்துப் போச்சு.

சூப்பர்வைசர்: நானும் எண்ணினேன்...

அக்கா: எப்போ?

சூப்பர்வைசர்: விடுங்க. கதவு திறக்குது... ஹெச்.ஆர். மேடம் வர்றாங்க!

மேடம்: இங்கேயேவா நிக்கிறீங்க ரெண்டு பேரும்?

அக்கா: மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. உண்டா, இல்லையா?

மேடம்: உண்டு! மூணு ஷிஃப்டுக்கும்!

அக்கா: எல்லா அழைப்புக்குமா?

மேடம்: எல்லா அழைப்புக்கும். இனிமே சீட்டே கிடையாது. லைனுக்கு ஒரு போன், எழுந்து போறவங்க இடத்துல நிக்க ஒரு மாத்து ஆள். திங்கட்கிழமையில இருந்து நேரம் குறிக்கணும். மாசா மாசம் பட்டியல் என் மேஜைக்கு வரணும்.

அக்கா: ஐயோ... தம்பி!

சூப்பர்வைசர்: கையை விடுங்கக்கா, விரல் நசுங்குது!

மேடம்: உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

அக்கா: சந்தோஷமா? படுக்கையில இருந்துக்கிட்டே ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லியிருப்பார் மேடம்!

மேடம்: ஒரே ஒரு சந்தேகம். பதினொண்ணா, பன்னெண்டா? ஜி.எம். கேட்டுட்டு வரச் சொன்னார். எண்ணிக்கையே தப்புன்னா யாராவது மறுபடியும் கிளறுவாங்க.

அக்கா: பதினொண்ணுதான் மேடம்.

சூப்பர்வைசர்: பன்னெண்டு மேடம்.

மேடம்: சரியாப் போச்சு! ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அஞ்சு நிமிஷத்துல உள்ள வந்து சொல்லுங்க.

அக்கா: என்ன தம்பி இது? ஜெயிச்ச நேரத்துல வம்பு?

சூப்பர்வைசர்: முதல் வருஷப் புத்தகம்... பதினாலாம் பக்கம், கடைசி வரி. அதை நீங்க பட்டியல்ல எழுதலை.

அக்கா: அது எதுக்கு இப்போ? வாங்க, உள்ள போலாம்.

சூப்பர்வைசர்: வந்த நேரம் பத்து அஞ்சு. கிடைச்ச நேரம் பன்னெண்டு இருபது. மொத்தப் புத்தகத்துலயும் அவ்வளவு தாமதம் வேற இல்லை. வாங்கிக்கிட்டது நீங்க.

அக்கா: கண்ணு பூத்துப் போச்சுன்னு சொன்னேனே...

சூப்பர்வைசர்: இல்லக்கா. அந்த வரியில என் கையெழுத்தும் இருக்கு. சீட்டு என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அன்னிக்கு லோடு அனுப்பணும், லைன் நிக்கவே இல்லை... 'வீட்டுக்காரர் பேசினார், அவசரமில்லை'ன்னு எழுதியிருந்துச்சு. அவசரமில்லைதானேன்னு நானும்... நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவர்... ஒன்றரை வருஷமாச் சொல்லணும் சொல்லணும்னு...

அக்கா: மூச்சு முட்டிக்கிட்டு இருந்தாலும் 'அவசரமில்லை'ன்னுதான் சொல்வார் தம்பி அவர். யார் பையில இருந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்... கையில வாங்கினப்போ சீட்டு வேர்வையில நனைஞ்சிருந்துச்சு. குழு ஆரம்பிச்சப்போ முதல்ல உங்களைத்தானே தேடி வந்தேன்? இனிமே ஒரு சீட்டையும் பையில வச்சுக்க முடியாத ஆள் வேணும்னுதான் வந்தேன்... உள்ள போய் பன்னெண்டுன்னே சொல்லிடுங்க. நான் முகம் கழுவிட்டு வர்றேன்.