குன்வோர் தொங்கவிட்ட மேசை விரிப்பு

கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி, "பதினஞ்சு நிமிஷம் சிக்ஸ்டன், அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது" என்று எச்சரித்து என்னை மேடையேற்றியிருக்கும் தொழிற்சங்கத் தலைவி மாய்கென் அவர்களே! நாற்பது ஆண்டுகள் அடுப்பின் அனலில் வெந்தும் வேகாமல், முன்வரிசையில் கம்பீரமாக வீற்றிருக்கும் மூத்த தோழர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் செங்கொடியுமாக ஊர்வலம் வந்து, நனைந்த காலுறையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஊதுகுழலுக்குள் புகுந்த பனித்தண்ணீரை உதறிக்கொண்டிருக்கும் வாத்தியக்குழு நண்பர்களே! மூன்றாவது வரிசையில், சட்டென்று எழுந்து போக வசதியாக, கதவோரம் பார்த்து அமர்ந்திருக்கும் நமது ரொட்டி ஆலையின் உற்பத்தி மேலாளர் கிறிஸ்டர் அவர்களே! உங்கள் அனைவருக்கும், லாரியில் பெட்டி ஏற்றும் இந்தச் சிக்ஸ்டனின் மே தின வணக்கம்!

நான் ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போனவன். அதிலும் இரண்டு வருஷம் வகுப்பு மூலையில் நின்றே கழிந்தது. ஆகவே என் பேச்சில் புத்தக வாசனை வராது. வந்தால் ரை தானிய மாவு வாசனைதான் வரும். என்ன, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?

"கேக்குது, கேக்குது! அதான் பிரச்சினையே!" என்கிறாள் பொதியிடும் பகுதி எல்வி. நன்றி எல்வி. உனக்காகவே இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன்.

தோழர்களே! நாளைக் காலை பத்து மணிக்கு, மாடியறையில் ஒரு விசாரணை. இதோ முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் நம் குன்வோரை வேலையில் வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாக ஆலையின் இரண்டாம் உற்பத்தி வரிசையின் கடைசியில் நின்று ரொட்டி அடுக்கும் குன்வோர்! அவள் செய்த குற்றம் என்ன? திருடினாளா? குடித்துவிட்டு வந்தாளா? இல்லை. குற்றம் ஒன்று: ரொட்டி நகர்ந்து வரும் பெல்ட்டைப் பதினோரு நிமிடம் நிறுத்தினாள். குற்றம் இரண்டு: காபி அறையின் மேசை விரிப்பை அனுமதியின்றி எடுத்துத் தொங்கவிட்டாள். உண்மையில் அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அவள் யோசித்தாள்!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ஆலை வாசலையே மிதிக்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஊரில் அப்படி நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள், ஒருவர் பாதிரியார்.

நான்கு குளிர்காலமாக இரண்டாம் வரிசையின் மெல்லிய மொறுமொறு ரொட்டி உடைந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து வட்ட நிலவாக வெளியே வரும். பெல்ட்டில் ஆறிக்கொண்டே நகரும். பொதியிடும் மேசையை அடைவதற்குள் பட்டென்று விரிசல் விடும். உடைந்ததெல்லாம் பன்றிகளுக்குப் போனது. நான்கு குளிர்காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரப் பன்றிகள் எப்படிக் கொழுத்தன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மாவை மாற்றினார்கள், ரொட்டி உடைந்தது. தண்ணீரை மாற்றினார்கள், ரொட்டி உடைந்தது. ஃபோர்மேனையே மாற்றினார்கள், அப்போதும் உடைந்தது! ஸ்டாக்ஹோமிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்தார்கள். எட்டு வாரம் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். புது அடுப்பு வாங்குங்கள் என்று எழுதிவைத்துவிட்டு ரயிலேறினார்கள். அந்த எட்டு வாரத்தில், வரிசையில் நிற்கும் ஒருவரிடமாவது "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. கழிவறை எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

பிறகு யோசனைப் பெட்டி வந்தது. மஞ்சள் பெட்டி, பளபளக்கும் பூட்டு. "உங்கள் சிந்தனையே நமது எதிர்காலம்" என்று மேலே ஒரு பலகை. ஒரு வருஷம் கழித்துத் திறந்தபோது எதிர்காலம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு சட்டைப் பொத்தான், மென்று துப்பிய புகையிலை, ஒரு சீட்டு. சீட்டில், "பெட்டியின் பூட்டு துருப்பிடிக்கிறது." சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வெள்ளைக் காகிதத்தில் நல்ல யோசனையை எழுதிப் போட நம்மில் எவருக்கும் கை வரவில்லையே, அதற்கும் சேர்த்துச் சிரியுங்கள்!

ஆனால் குன்வோர் பார்த்துக்கொண்டே இருந்தாள். உடைந்த ரொட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிப்ரவரியில் ஒரு நாள், ஒன்பதரை மணி காபிக்கு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சிக்ஸ்டன், ரொட்டி எல்லாம் ஒரே பக்கமாத்தான் விரிசல் விடுது. கவனிச்சியா?"

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

"என் பக்கமா? நான் அழகா இருக்கேன், அதப் பாத்து வெடிச்சிருக்கும்."

"விளையாடாத. லாரி வர்ற நாள்லதான் அதிகமா உடையுது. உனக்கு ஏதாவது தெரியுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இலவங்கப்பட்டை பன்னு இன்னும் ஒண்ணு இருக்கு பாரு, எடுத்துக்கோ" என்றேன். ஏரியில் ஐஸ் எப்போது உடையும் என்று பேச்சை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மாய்கென், இன்னும் நேரம் இருக்கிறதல்லவா?

மறுநாள் குன்வோர் பெல்ட்டை நிறுத்தினாள். காபி மேசையின் பிளாஸ்டிக் விரிப்பை, அந்த நீலத்தில் சிவப்புப் பழங்கள் போட்ட விரிப்பைக் கொதிநீரில் கழுவி, ரொட்டி ஆறும் இடத்துக்கும் லாரி வந்து நிற்கும் வாசல் கதவுக்கும் நடுவே திரையாகக் கட்டினாள். பதினோரு நிமிடம். பெல்ட்டை மறுபடி ஓடவிட்டாள். சூடான ரொட்டியின் முதுகில் பனிக்காற்று அடிப்பது நின்றது. ரொட்டி உடைவதும் நின்றது! மூன்று நிபுணர்கள், எட்டு வாரம், நான்கு குளிர்காலம் ஒரு பக்கம். ஒரு மேசை விரிப்பும் நான்கு துணி கவ்விகளும் மறு பக்கம்!

ஊரே கொண்டாடியிருக்க வேண்டாமா? நாம் என்ன செய்தோம்? நம் ஊர் ஆட்களுக்கு வருத்தம் வந்தால் வாய் திறக்குமா? சீட்டு எழுதுவோம்! தேவாலயம் தீப்பிடித்தாலும் "தயவுசெய்து புகையைக் கவனிக்கவும்" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். காபி அறைச் சுவரில் முதல் சீட்டு: "மேசை விரிப்பை எடுத்தவர் இருந்த இடத்தில் வைக்கவும். இப்படிக்கு, பலர்." அதன் கீழே இரண்டாவது: "யார் அந்தப் பலர்?" அதற்கும் கீழே மூன்றாவது: "ஒழுக்கம் என்று ஒன்று உண்டு." மூன்றிலும் பெயர் இல்லை. ஒன்பது நாள் ரொட்டி உடையவில்லை. அந்த ஒன்பது நாளும் நம் கண்ணுக்குத் தெரிந்தது, வெறுமையாகிப்போன மேசை மட்டும்தான்.

பத்தாம் நாள் கிறிஸ்டர் கீழே இறங்கி வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இது என்ன குன்வோர்?"

"மேசை விரிப்பு."

"அது தெரியுது. இங்க ஏன் தொங்குது?"

"காத்து அடிக்காம இருக்க."

"காத்துதான் காரணம்னு யாரு சொன்னா?"

"ரொட்டி சொல்லிச்சு."

"யோசனை இருந்தா பெட்டியில போடணும்மா. அதுக்குத்தானே வச்சிருக்கு?"

"போடலாம்னு போனேன். விரிப்பு அந்த ஓட்டையில நுழையல."

"சுகாதார ஆய்வாளர் வந்து பாத்தா யார் பதில் சொல்றது?"

"அவர் வரட்டும். உடையாத ரொட்டி ஒண்ணு குடுத்து அனுப்புறேன்."

விரிப்பு இறங்கியது. அன்று மதியமே ரொட்டி உடைந்தது. சாயங்காலம் குன்வோருக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

கிறிஸ்டர் அவர்களே, ஆய்வாளரை நினைத்து நீங்கள் பயந்தது நியாயம். அந்த இடத்துக்கு முறையான திரை வேண்டும், காபி மேசை விரிப்பு போதாது. ஆனால் அங்கே திரை வேண்டும் என்று ஆலைக்குக் காட்டியது யார்? கண்டதைச் சொன்னதற்கு விசாரணையா? காற்றைத் தடுத்ததற்குத் தண்டனையா? பதவி இருந்தால்தான் பார்வை இருக்குமா? பட்டம் இருந்தால்தான் மூளை முளைக்குமா? காலையில் வேலைக்கு வரும்போது கையைக் கொண்டுவருகிறோம், காலைக் கொண்டுவருகிறோம். தலையை மட்டும் சைக்கிள் கொட்டகையில் பூட்டிவிட்டு வர வேண்டுமா? மாட்டோம்! எங்கள் தலை எங்கள் தோளிலேயே இருக்கும். அது யோசிக்கும். யோசித்ததைச் செய்து பார்க்கும். தவறினால் திருத்தும், மறுபடி செய்யும்!

கைதட்டாதீர்கள். இனிமேல்தான் கசப்பு.

அந்தக் கதவு என்னுடையது, தோழர்களே. லாரி வரும்போது அதைத் திறப்பவன் நான். மூடும் பொத்தான் சுவரின் மறு கோடியில், பதினெட்டு அடி தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியிலிருந்து இறங்கி, நடந்து, அழுத்தி, திரும்பி நடந்து ஏற வேண்டும். எனக்குச் சோம்பல். நான்கு குளிர்காலமாகத் திறந்தே போட்டேன். முதல் குளிர்காலத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் நிச்சயமாகத் தெரியும். காபி மேசையில் குன்வோர் நேருக்கு நேர் கேட்டபோது, பன்னை நீட்டி அவள் வாயை அடைத்தேன். அந்த மூன்றாவது சீட்டு, "ஒழுக்கம் என்று ஒன்று உண்டு", அதை எழுதியதும் இந்தக் கைதான்.

சோம்பல் மட்டுமா காரணம்? இல்லை. சொன்னால் காபி அறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்களே! "இவன் எப்பருந்து இன்ஜினியர் ஆனான்?" என்று ஒரு புருவம் உயருமே! அந்த ஒரு புருவத்துக்குப் பயந்தேன். நூற்றுப் பத்துக் கிலோ உடம்பு, ஒரு புருவத்துக்குப் பயந்தது!

எல்வி, நீ ஏன் தலை குனிகிறாய்? உன் மேசையில் கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்தாயே, குளிர் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாதா? அடுப்புக்காரர்களே, உங்களுக்குத் தெரியாதா? நம்மை யாரும் கேட்கவில்லை என்று இத்தனை நேரம் கத்தினேனே, நமக்குள் ஒருவரை ஒருவர் கேட்டோமா? குன்வோர் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாதவன் நான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். காற்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் கை உயர்த்துங்கள். முதல் கை என்னுடையது. சீட்டு வேண்டாம், பெட்டி வேண்டாம், வெறும் கை!

எல்வி... வாழ்க எல்வி! அடுப்பு வரிசையில் ஒன்று, இரண்டு, நான்கு. வாத்தியக்குழுவிலுமா? டிராம்போனைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கு ஐயா, யார் கண்ணிலாவது குத்திவிடும்! பார் குன்வோர், திரும்பிப் பார். இதற்கு முன் இந்த மண்டபத்தில் இத்தனை கை உயர்ந்தது, காபி இன்னும் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோதுதான்.

கிறிஸ்டர் அவர்களே, நாளைப் பத்து மணிக்கு அந்த மாடியறை போதாது. ஒருத்தி யோசித்ததற்கு விசாரணை என்றால், யோசித்ததை மறைத்த எங்கள் எல்லாருக்கும் முதலில் விசாரணை வையுங்கள். கதவை மூடிவிட்டு, ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு, நான் படிக்கட்டில் நிற்பேன். இவர்களும் நிற்பார்கள். உங்கள் கை பாதியில் நிற்கிறதே, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல்? இருக்கட்டும். இன்றைக்கு அது போதும். மீதிப் பாதியை நாளைக்குக் கொண்டுவாருங்கள்.

நான் இவ்வளவு நேரம் கை ஊன்றிப் பேசிய இந்த மேசையைக் கொஞ்சம் பாருங்கள். நீல விரிப்பு, சிவப்புப் பழங்கள். காபி அறையிலிருந்து இன்று காலை எடுத்து வந்தேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சீட்டு எழுதுகிறவர்கள் இப்போதே எழுதுங்கள். அடியில் பெயர் போட இடம் விடுங்கள். நானே போடுகிறேன்: சிக்ஸ்டன்.

பதினைந்து நிமிடம் முடிந்தும் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்ட மாய்கெனுக்கு நன்றி. உட்கார்ந்து கேட்ட உங்களுக்கு நன்றி, கை உயர்த்திய உங்களுக்கு இன்னொரு நன்றி. காபி தயாராக இருக்கிறது. இந்த விரிப்பின் மேலேயே ஊற்றுவோம். முதல் கோப்பை குன்வோருக்கு. யாராவது போய் அந்த வாசல் கதவைச் சாத்துங்கள். வேண்டாம், இருங்கள், நானே போகிறேன். வணக்கம்!