கிரிவலத்துக்கு நாற்பது கிலோமீட்டர்

திருவண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். "மலைய சுத்தி வர நாப்பது கிலோமீட்டராம் டீச்சர்" என்றார் ஒருவர். கிரிவலப் பாதையின் பதினாலு கிலோமீட்டருக்கே நாக்குத் தள்ளுகிற நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"யாரு சொன்னா?"

"எட்டாம் கிளாஸ் சித்ரா. பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்து சார்ட்ல ஒட்டிட்டா. நாளைக்குக் கண்காட்சி. வழிகாட்டி ஆசிரியர்னு கீழ என் பேரு."

"அவ பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடக்குறவளாச்சே."

"அதையேதான் கேட்டேன். நாலு மணி நேரத்துல முடிச்சிட்டேன் மிஸ்ங்கறா. அதுல எப்படிடி நாப்பது வரும்னா, நெட்ல தப்பா போடமாட்டாங்க, நாந்தான் வேகமா நடந்துட்டேன் போலங்கறா."

"ஹெச்.எம். கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பிரிண்ட்ட நல்லா படிச்சுப் பாத்துட்டு, அந்தப் பொண்ண ஓட்டப்பந்தயத்துல சேருங்கன்னுட்டாரு."