இரைச்சல் இல்லாத பின்னேரம்

றேடியோவில் இரைச்சல் வந்தால் எங்கள் ஆட்கள் உடனே சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அது பெரிய பிழை, ஐயா. கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தல்லவா கூடும்? முதலில் உள்வாங்கும் திறனைக் குறைக்க வேண்டும். பிறகு வடிகட்டியை ஒடுக்க வேண்டும். பொறுமை உள்ளவனுக்குத்தான் தூரத்துக் குரல் கேட்கும். புதுக்குடியிருப்பில் உரிமம் எடுத்து, வானொலியில் உலகத்தோடு கதைக்கிற ஆள் எனக்குத் தெரிய நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

விசாரிக்க வந்த நீங்கள் பக்கத்து வீட்டுப் பேதுருவைப் பற்றிக் கேட்டீர்கள். தங்கமான மனிதர். கடலுக்குப் போய்வந்தவர், நெஞ்சு பழுதாகிப் படுத்துவிட்டார். அவர்களின் புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் மீற்றர் பூட்டவில்லை. அப்படியான வீட்டுக்கு அயலவன் வயர் இழுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் கொடுத்தேன். அவர் மூச்சுவிட வைத்திருந்த ஒட்சிசன் மெசின் அந்த வயரில்தான் ஓடியது.

"அண்ணை, கரண்ட் நிண்டா இவர் தாங்கமாட்டார்" என்று அவர் மனைவி புனிதம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்த மெசின் வந்ததிலிருந்து என் றேடியோவில் 'கர்' என்று ஓர் இரைச்சல். முதலில் என் வீட்டையே சந்தேகித்தேன். நான் நியாயமான ஆள். ஃபான், லைற், ஃபிறிட்ஜ், போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பாவம், என் மனைவி விமலேஸ்வரி குசினியில் மெழுகுதிரியோடு சமைத்தாள். இரைச்சல் போகவில்லை. கடைசியாகப் பேதுரு வீட்டு வயரின் சுவிச்சைத் தட்டினேன். அப்பாடா, என்ன ஒரு அமைதி. புனிதம் பதறி ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அதன்பிறகு அன்ரனாவைத் திருப்பிக் கட்டினேன். வடிகட்டியை இன்னும் ஒடுக்கினேன். ஒன்றும் சரிவரவில்லை. வேலியோரம் நின்று பண்பாகக் கேட்டேன்.

"தங்கச்சி, பின்னேரத்தில கொஞ்ச நேரம் மெசினை நிப்பாட்டி வைக்கேலாதோ?"

"அண்ணை, அது அவற்ற மூச்சு."

"ஓம், விளங்குது. ஆனா சரியான இரைச்சல்."

புனிதம் திரும்பி உள்ளே போய்விட்டார். எனக்கு மனம் நொந்தது.

போன வெள்ளி பின்னேரம் விமலேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கதவைப் பூட்டிவிட்டு றேடியோவுக்கு முன்னால் இருந்தேன். பசிபிக் கடலில் ஒரு சிறு தீவு, எத்தனையோ வருடமாக நான் தேடிய தீவு, அங்கிருந்து ஒருவன் அழைத்தான். குரல் இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கி வந்தது. எழும்பிப் போய்ச் சுவிச்சை நிறுத்தினேன். சோதனைக்குத்தான் நிறுத்தினேன் என்று சொன்னால் அது பொய்.

புனிதம் கதவைத் தட்டியது கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. "அண்ணை, கரண்டைப் போடுங்கோ, அவருக்கு மூச்சு இழுக்குது" என்று கத்தியதும் கேட்டது. ஆனால் ஐயா, பக்கத்திலிருந்து பலமாக வருவதை அடக்கினால்தான் தூரத்து மெல்லிய குரல் பிடிபடும். இது முதல் பாடம். ஹெட்போனை இறுக்கிக்கொண்டேன். தீவுக்காரனின் குரல் என்ன தெளிவு. அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்டான். சுகம் என்றேன்.

அவன் விடைபெற்ற பிறகு கதவைத் திறந்தேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை. பேதுரு வீட்டில் அழுகைச் சத்தம். உடனே ஓடிப்போய்ச் சுவிச்சைப் போட்டேன். செத்த வீடு இருட்டாகக் கிடக்கலாமா? அயலட்டைக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன்?