தட்டிப் பார்க்காத துப்பாக்கி

எங்கள் பட்டறையில் டீ நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். போடுவது நான்தான். உள்ளறையில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும் நான்தான். அது வெளியே தெரியாது.

அப்பா போனதும் பெயர்ப்பலகையில் அண்ணன் பெயர் ஏறியது. முன்னால் உட்கார்ந்து அவர்தான் ஆட்களிடம் பேசுவார். "எல்லாம் என் கைவேலை. தங்கச்சியா? அவளுக்கு ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் வித்தியாசம் தெரியாது." வந்தவர்கள் சிரிப்பார்கள். தட்டோடு நின்று நானும் சிரிப்பேன்.

பழைய போல்ட் துப்பாக்கிகளில் விசை கனமாக இருக்கும். இலகுவாக்கித் தரச் சொல்வார்கள். அதற்கு ஓர் எல்லை உண்டு. தாண்டினால் விரல் படாமலே, ஓர் அதிர்ச்சியில் வெடித்துவிடும். அதனால் வேலை முடிந்ததும், குண்டு இல்லாமல் போல்ட்டை மூடி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் ஓங்கித் தட்ட வேண்டும். உள்ளே 'டிக்' என்றால் விசை நிற்கவில்லை. செய்தவர் ஒருமுறை, கொடுப்பவர் ஒருமுறை தட்ட வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. அண்ணன் தட்டியதே இல்லை.

வயலில் காட்டுப்பன்றி விரட்டுகிற ஒருவர் தன் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார். அதன் விசையில் ஒரு மயிரிழை கூடுதலாக அராவினேன். தட்டினேன். டிக். எண்ணெயைத் துடைத்து, வாங்க வந்தவர் முன்னாலேயே அண்ணனிடம் நீட்டினேன்.

"தட்டிப் பாத்துட்டுக் குடுண்ணா."

"போய் டீயைப் போடு. எனக்கே பாடம் எடுக்குறா பாருங்க."

நான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார்.

மறுநாள் வயல்காரர் வரப்பிலிருந்து குதித்தபோது அது வெடித்தது. குண்டு அவர் கழுத்தில் பாய்ந்துவிட்டது. நீங்கள் பட்டறைக்கு வந்து கேட்டதும், விஷயம் தெரியாமலே அண்ணன், "என் கைவேலைதான் சார், சுத்தமா இருக்குமே" என்றார். தெரிந்த பிறகு என்னைக் காட்டினார். "டீ போடுற பொண்ணு மேலயாடா பழி போடுற?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் விசை கைப்பழக்கமில்லாமல் அராவப்பட்டிருக்கிறது என்று துப்பாக்கியைச் சோதித்த உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்களாம். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு கீறல்கூட இருக்காது. அப்படி அராவ அண்ணனுக்கு வராது. அது என் வேலை.

வயல்காரர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பார்க்கப்போனால், அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை.